ஒரு வாட் குளிருக்கு எத்தனை யூனிட்?

சென்னையில் ஓர் ஆய்வகத்தில் பதினேழு ஆண்டுகளாகக் கீழ்வெப்பநிலைக் கருவிகளைப் பராமரித்து வருகிறேன். புதிதாக மீகடத்திக் காந்தமோ (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருளால் ஆனது) ஒளித்துகளை உணரும் ஃபோட்டான் உணர்வியோ அமைக்க நினைக்கும் மாணவர்கள் என் மேசைக்கு வந்து கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, எந்த கிரையோகூலர் வாங்கலாம்?" (மின்சாரத்தில் ஓடும் கடுங்குளிர் இயந்திரம்தான் கிரையோகூலர்.) நான் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "எத்தனை வாட் வெப்பத்தை, எந்த வெப்பநிலையில் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொண்டு வா" என்று அனுப்பிவிடுவேன். அந்தத் தாளை நிரப்பாமல் விலைப்புள்ளி கேட்டவர்கள் யாரும் சரியான இயந்திரத்தை வாங்கி நான் பார்த்ததில்லை. அதை எப்படி நிரப்புவது, பிறகு எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கிணற்றின் ஆழம்

குளிர்விப்பது என்பது கீழே இருக்கும் வெப்பத்தை மேலே இறைத்து அறைக்குள் கொட்டுவது. கிணறு ஆழமானால் இறைக்கும் வேலை கூடும். இந்தக் கிணற்றில் ஆழத்தை டிகிரிக் கணக்கில் அளக்கக் கூடாது, விகிதத்தில் அளக்க வேண்டும். வெப்பநிலையை முழுப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும் அளவுதான் கெல்வின். அறை 300 கெல்வின் (27 டிகிரி செல்சியஸ்) என்றால், எந்தக் குறையும் இல்லாத இயந்திரத்துக்குக்கூட ஒரு வாட்டை இறைக்கத் தேவையான மின்சாரம் இவ்வளவு: 300-இலிருந்து குளிர்ப்பக்க வெப்பநிலையைக் கழித்து, அதே வெப்பநிலையால் வகுக்க வேண்டும். 77 கெல்வினில் 2.9 வாட். 20 கெல்வினில் 14 வாட். 4.2 கெல்வினில் 70 வாட். 2 கெல்வினில் 149 வாட். இது பிரெஞ்சு இயற்பியலாளர் கார்னோ வகுத்த எல்லை. எந்த நிறுவனத்தாலும் இதைத் தாண்ட முடியாது.

ஆகவே தாளின் முதல் வரியில் எழுத வேண்டியது வெப்பநிலை. உங்கள் பொருள் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று பாருங்கள். நையோபியம்-டைட்டானியம் ஏறத்தாழ 9 கெல்வினில் மீகடத்தும் தன்மையை இழந்துவிடும் என்பதால் அதை 4 கெல்வின் அருகில் வைத்தே ஆக வேண்டும். 2001-இல் மீகடத்தி என்று கண்டறியப்பட்ட மக்னீசியம் டைபோரைடின் எல்லை 39 கெல்வின். அது 20 கெல்வினில் வேலை செய்யும். 1987-இல் வந்த இட்ரியம் சேர்மத்தின் எல்லை 90 கெல்வினுக்கும் மேலே. திரவ நைட்ரஜனே அதற்குப் போதும். 20 கெல்வினில் நடக்கக்கூடிய வேலையை, பழக்கத்தின் காரணமாக 4 கெல்வினில் செய்தால், தொடங்கும்போதே ஐந்து மடங்கு மின்சாரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

உண்மையான இயந்திரங்கள்

கார்னோ எல்லையில் எத்தனை சதவீதத்தை எட்டுகிறது என்பதுதான் ஒரு குளிர்விப்பானின் திறன். 4.2 கெல்வினில் ஒரு வாட் தரும் கிஃபர்டு-மக்மஹன் இயந்திரத்தை (நாங்கள் ஜி.எம். என்போம்) எடுத்துக்கொள்ளுங்கள். சுமிட்டோமோ போன்ற நிறுவனங்கள் தயாரிப்பது, மருத்துவமனை எம்.ஆர்.ஐ. காந்தங்களின் தலையில் உட்கார்ந்திருக்கும் அதே வகை. அதன் கம்ப்ரஸர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சுமார் 6.5 கிலோவாட் இழுக்கும். 70 வாட் போதும் என்று கார்னோ சொன்ன இடத்தில் 6,500 வாட். திறன் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது.

இன்னும் சிறியது 0.1 வாட் தரும் மேசை அளவு ஜி.எம். மீகடத்தி நானோகம்பி உணர்விகளுக்கு இதைத்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். காற்றாலேயே குளிரும் கம்ப்ரஸர், சுமார் 1.3 கிலோவாட். திறன் அரை சதவீதம். மறுபக்கம், 77 கெல்வினில் 16 வாட் தரும் ஸ்டெர்லிங் வகைக் குளிர்விப்பான் 240 வாட் மட்டுமே எடுக்கும், அதாவது கார்னோவில் 19 சதவீதம். இன்னும் பெரிய அளவுக்குப் போனால் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் அணுத்துகள்களை மோதவிடும் பெரும் ஹாட்ரான் மோதுவி. அங்கே 4.5 கெல்வினில் தலா 18 கிலோவாட் தரும் எட்டு குளிர்விப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 230 வாட் மின்சாரத்தில் அவை ஓடுகின்றன. திறன் 28 சதவீதத்துக்கும் மேல். எங்கள் ஜி.எம். இயந்திரம் அதே வேலைக்கு இருபத்தெட்டு மடங்கு மின்சாரம் குடிக்கிறது.

இந்த வேறுபாட்டை 1974-லேயே அமெரிக்காவின் ஸ்ட்ரோபிரிட்ஜ் என்ற ஆய்வாளர் தொகுத்துக் காட்டினார். பல்வேறு குளிர்விப்பான்களின் திறனை வரைபடத்தில் இட்டபோது, திறனைத் தீர்மானிப்பது வெப்பநிலையைவிட இயந்திரத்தின் அளவுதான் என்பது தெளிவானது. பெரிய நிலையத்தில், குளிர்விக்கும் வாயுவான ஹீலியம் விரியும்போது செய்யும் வேலையை டர்பைன் வாங்கிக்கொள்கிறது. சிறிய ஜி.எம். இயந்திரத்திலோ சுழல் வால்வு வழியாக ஹீலியம் சீறிப் பாய்ந்து அழுத்தத்தை வீணாக்குகிறது. 10 கெல்வினுக்குக் கீழே ஈயக் குண்டுகளுக்கு வெப்பத்தைச் சேமிக்கும் ஆற்றல் போய்விடுவதால், உள்ளே இருக்கும் ரீஜெனரேட்டரும் (போய்வரும் ஹீலியத்தின் வெப்பத்தைச் சேமித்துத் திருப்பித் தரும், அந்தக் குண்டுகள் நிரம்பிய பகுதி) திணறுகிறது. எர்பியம்-நிக்கல், ஹோல்மியம்-செம்பு போன்ற அருமண் கலவைகள் வந்த பிறகுதான், 1990-களில், ஜி.எம். இயந்திரங்களால் 4 கெல்வினை நம்பகமாகத் தொட முடிந்தது.

சதவீதத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

பலர் தடுமாறும் இடம் இது. ஒரு வாட் இயந்திரத்தின் திறன் ஒரு சதவீதம், 0.1 வாட் இயந்திரத்தின் திறன் அரை சதவீதம். அப்படியானால் பெரியதுதானே சிக்கனம் என்று ஒரு பேராசிரியரே என்னிடம் வாதாடியிருக்கிறார். மின்கட்டண ரசீதை எடுத்து வைத்துப் பேசுவோம்.

யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நிறுவனத்தின் கட்டணத்தை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 6.5 கிலோவாட் ஆண்டு முழுவதும் ஓடினால் 56,940 யூனிட். கம்ப்ரஸர் வெளித்தள்ளும் வெப்பத்தை அகற்றும் சில்லருக்கு 2.5 கிலோவாட் சேருங்கள், இன்னும் 21,900 யூனிட். மொத்தம் 78,840 யூனிட், ஆண்டுக்கு ஏறத்தாழ 6,31,000 ரூபாய். சின்ன இயந்திரத்துக்கு 11,388 யூனிட், சுமார் 91,000 ரூபாய். அறையின் ஏ.சி.க்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டாலும் ஒரு லட்சத்து முப்பதாயிரத்தைத் தாண்டாது.

வழக்கமான கம்ப்ரஸருக்கு உங்கள் சுமை எவ்வளவு என்று தெரியாது. 0.05 வாட் சுமையானாலும் ஒரு வாட் சுமையானாலும் அது ஒரே அளவு மின்சாரத்தைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும். எனவே சிக்கனம் என்பது இயக்கும்போது செய்வதல்ல, வாங்கும்போதே செய்வது. சுமையைக் குறைத்து, ஒரு படி சிறிய இயந்திரம் போதும் என்ற நிலைக்கு வந்தால்தான் பணம் மிஞ்சும். ஐந்து உணர்விகளுக்கு ஐந்து சின்ன இயந்திரம் வாங்குவதும் தவறு. ஐந்தும் சேர்ந்து ஒரு பெரிய கம்ப்ரஸரின் மின்சாரத்தைக் குடித்துவிட்டு அரை வாட்தான் தரும். அப்போது ஒரே கிரையோஸ்டாட்டில் (குளிரைக் காக்கும் வெற்றிடக் கலத்தில்) ஐந்தையும் வைப்பதுதான் வழி.

பதினாறு கம்பிகள்

சுமையைக் கணக்கிடுவதுதான் தாளின் பெரிய பகுதி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் நல்ல கிரையோஸ்டாட் ஒன்றைத் தானே வடிவமைத்துக் கட்டினான். கவசங்கள் கண்ணாடிபோல் பளபளத்தன, வெற்றிடமும் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. இரவு முழுவதும் ஓடியும் வெப்பமானி 5 கெல்வின் அருகிலேயே நின்றது. குளிர்விப்பான் பழுது என்று நிறுவனத்துக்குக் கடிதம் எழுதத் தயாராகிவிட்டான். திறந்து பார்த்தேன். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு நேராக, எங்கும் தொடாமல், அரை மில்லிமீட்டர் தடிமனில் பதினாறு செம்புக் கம்பிகள் அழகாகப் பின்னலிட்டு இறங்கியிருந்தன. நீளம் அரை மீட்டர்.

இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள செம்புக் கம்பி, அறையிலிருந்து 4 கெல்வினுக்குச் சுமார் 0.16 வாட் கடத்தும். பதினாறு கம்பிகளின் குறுக்குவெட்டு 3.14 சதுர மில்லிமீட்டர், நீளமோ பாதி. ஒரு வாட். இயந்திரத்தின் மொத்தத் திறனையும் அந்தப் பின்னல் மட்டுமே விழுங்கிக்கொண்டிருந்தது. கம்பிகளை எடுத்துவிட்டு 0.127 மில்லிமீட்டர் பாஸ்பர் வெண்கலக் கம்பிகளைப் போட்டு, முதல் நிலைத் தட்டில் (இடைவழியில் 45 கெல்வின் அருகில் குளிர்ந்திருக்கும் தட்டு) ஒரு செம்பு உருளையைச் சுற்றிப் பசையால் ஒட்டி, பிறகு கீழே இறக்கினோம். பதினாறும் சேர்ந்து சில மில்லிவாட்தான். மறுநாள் காலையில் வெப்பமானி 3 கெல்வினுக்கு அருகே நின்றது. எழுதி வைத்திருந்த கடிதத்தை அவன் கிழித்துப் போட்டான்.

இரண்டாவது வழியாக நுழைவது கதிர்வீச்சு. இது வெப்பநிலையின் நான்காம் படியில் வளரும். 300 கெல்வின் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 459 வாட் வரை வீசும். 50 கெல்வின் சுவர் வீசுவது 0.35 வாட். 1,296 மடங்கு வேறுபாடு. இரண்டு நிலை கொண்ட இயந்திரத்தின் முதல் நிலை 45 கெல்வின் அருகில் 40 வாட் வரை தருவது இதற்காகத்தான். அந்த 40 வாட்டோடு ஒப்பிட்டால் கீழ் நிலையின் ஒரு வாட் தங்கம் மாதிரி. எவ்வளவு வெப்பத்தை முடியுமோ அவ்வளவையும் முதல் நிலையிலேயே நிறுத்துங்கள். கவசம், கம்பிகள், தாங்குகால்கள் எல்லாவற்றையும் அங்கே ஒருமுறை கட்டிவிட்டுத்தான் கீழே விட வேண்டும்.

காந்தம் என்றால் மின்னோட்டக் கம்பிகள் தனிக் கதை. மிகச் சரியாக வடிவமைத்த செம்புக் கம்பிகூட ஒரு ஆம்பியருக்கு ஏறத்தாழ 45 மில்லிவாட் வெப்பத்தை இறக்கும். 100 ஆம்பியர், இரண்டு கம்பி: 9 வாட். நேராக 4 கெல்வினுக்குக் கொண்டுபோனால் ஒன்பது இயந்திரங்கள் வேண்டும். அதையே முதல் நிலை வரை செம்பிலும், அங்கிருந்து கீழே உயர்வெப்பநிலை மீகடத்தி நாடாவிலும் கொண்டுபோனால், 9 வாட்டை முதல் நிலை தாங்கிக்கொள்ளும். கீழே இறங்குவது பத்தில் ஒரு வாட் அளவே. மோதுவியின் காந்தங்களுக்கும் இதே உத்தியைத்தான் கையாள்கிறார்கள்.

எல்லாவற்றையும் கூட்டி, அதன்மேல் பாதியளவு சேர்த்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் குளிர்விக்கும் தலைப்பகுதியான கோல்டு ஹெட்டின் சீல்கள் தேயத் தேயத் திறன் இறங்கும். புதிதாக இருக்கும்போது ஒரு வாட் தருவது சர்வீஸுக்கு முந்தைய மாதத்திலும் அதே அளவு தரும் என்று நம்பி வடிவமைக்காதீர்கள்.

திரவமா, இயந்திரமா?

77 கெல்வினில் ஒரு வாட் சுமை நாளொன்றுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேலாகத் திரவ நைட்ரஜனைக் கொதிக்கவைக்கும். ஐந்து வாட் சுமையும் வாரத்துக்கு ஒருமுறை சோதனையும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நைட்ரஜன் குடுவையை எடுங்கள். ஆண்டு முழுவதும், ஆளில்லாமல், தொலைவான இடத்தில் ஓட வேண்டுமென்றால் ஸ்டெர்லிங் வாங்குங்கள். 240 வாட் இயந்திரத்தின் ஆண்டு மின்செலவு பதினேழாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

4.2 கெல்வினில் கணக்கு தலைகீழ். ஹீலியத்தின் கொதிவெப்பம் மிகக் குறைவு. ஒரு வாட் சுமை மணிக்கு 1.4 லிட்டரை, நாளுக்கு 33 லிட்டரை ஆவியாக்கிவிடும். ஒரு வாட் ஜி.எம். இயந்திரமும் சில்லரும் ஒரு நாளுக்கு 216 யூனிட், 1,728 ரூபாய். வகுத்துப் பாருங்கள்: லிட்டர் 52 ரூபாய்க்குத் திரவ ஹீலியம் கிடைத்தால்தான் மின்செலவுக்கு ஈடாகும். இந்தியா ஹீலியத்தை இறக்குமதி செய்யும் நாடு. அந்த விலையை இங்கே கனவிலும் எதிர்பார்க்க முடியாது. ஆண்டுக்கு ஓரிரு வாரம் மட்டும் அளவீடு செய்கிறவர்கள், பக்கத்திலேயே ஹீலியம் மீட்புக் குழாயும் திரவமாக்கும் நிலையமும் இருப்பவர்கள், அதிர்வு துளியும் கூடாதவர்கள்: இவர்களுக்கு மட்டும் குடுவை இன்றும் பொருத்தம். ஆனால் ஆவியாகும் ஹீலியத்தை வானத்துக்கு விடுவது பாவம். தயவுசெய்து ஒரு பையிலாவது பிடியுங்கள்.

ஜி.எம். வாங்குவதா, பல்ஸ் டியூப் என்ற இன்னொரு வகையை வாங்குவதா என்பதை அதிர்வை வைத்துத் தீர்மானியுங்கள். ஜி.எம். இயந்திரத்துக்குள் ஓர் உருளை நம் ஊர் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 60 முறை மேலும் கீழும் போய்வரும். அந்த இடி, ஆய்வுப் பொருளை வைக்கும் மேடைக்கும் வந்து சேரும். பல்ஸ் டியூபில் குளிர்ப்பக்கத்தில் அசையும் பாகமே இல்லை. அதனால் கோல்டு ஹெட் நீண்ட நாள் உழைக்கும், அமைதியாக இருக்கும். ஆனால் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். சாய்த்தால் குழாய்க்குள் ஹீலியம் தானாகச் சுழலத் தொடங்கித் திறன் விழுந்துவிடும். மின்சாரமும் அதே அளவு குளிருக்குச் சற்றுக் கூடுதலாகவே இழுக்கும்.

விலைப்புள்ளியில் வராத செலவுகள்

முதலாவது தண்ணீர். ஒரு மே மாதம், மதியம் ஒரு மணியானால் கம்ப்ரஸர் தானாக நின்றுவிடும், மாலையில் ஓடும். நான்கு நாள் இதே கதை. சில்லருக்குச் செலவு செய்யாமல் ஆழ்துளைக் கிணற்று நீரை நேராக இணைத்திருந்தார்கள். வெப்பமாற்றியின் முனையைக் கழற்றியபோது, வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதைப் போல வெள்ளையாய் உப்பு படிந்து, சுண்டுவிரல் நுழைய வேண்டிய துளையில் பென்சில் முனைதான் நுழைந்தது. நகத்தால் சுரண்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. எண்ணெய் சூடேறிச் சூடேறிக் கம்ப்ரஸரின் உட்பகுதியையே மாற்றும்படி ஆயிற்று. மூடிய சுற்றில் காய்ச்சி வடித்த நீர், தனிச் சில்லர், நுழைவாயில் நீரின் வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸுக்குக் கீழே. இதில் சமரசம் வேண்டாம்.

இரண்டாவது பராமரிப்பு. பல ஜி.எம். கோல்டு ஹெட்டுகளின் சர்வீஸ் இடைவெளி 10,000 மணி நேரம். நிற்காமல் ஓடினால் ஓர் ஆண்டும் ஏறத்தாழ ஐம்பது நாளும். கம்ப்ரஸரின் எண்ணெய் ஆவியைப் பிடிக்கும் கரி வடிகட்டிக்கு (அட்சார்பர்) 20,000 முதல் 30,000 மணி நேரம், மாதிரியைப் பொறுத்து. அதைத் தள்ளிப்போட்டால் எண்ணெய் குளிர்ப்பகுதிக்குப் போய் உறையும். ஒருநாள் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கேட்டால் உள்ளே ஏதோ உறைந்துவிட்டது என்று அர்த்தம். ஐந்தாண்டுக்கான இந்தச் செலவுகளை விலைப்புள்ளியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது மின்வெட்டு. குடுவையில் ஹீலியம் இருந்தால் மின்சாரம் போனாலும் குளிர் இருக்கும். திரவமே இல்லாமல் இயந்திரம் மட்டும் குளிர்விக்கும் வறட்டுக் குளிர்விப்பில் அந்தக் கையிருப்பு கிடையாது. பத்து கிலோ செம்பை 4 கெல்வினிலிருந்து 10 கெல்வினுக்குச் சூடேற்ற வெறும் 25 ஜூல் போதும். நின்றுபோன கோல்டு ஹெட்டே வெப்பம் இறங்கும் பாலமாகிவிடும் என்பதால் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காது. காந்தத்தில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் அது மீகடத்தும் தன்மையை இழந்து சேமித்த ஆற்றல் முழுவதையும் வெப்பமாகக் கொட்டும். ஜெனரேட்டர் எழும் வரை கம்ப்ரஸரைத் தாங்கும் யு.பி.எஸ். விலையையும் தாளில் சேருங்கள்.

குளிர்விக்கும் நேரத்தை மிச்சப்படுத்த ஒரு வழி: செம்பை அறையிலிருந்து 4 கெல்வினுக்குக் கொண்டுவர அகற்ற வேண்டிய வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் 77 கெல்வினுக்கு மேலேயே இருக்கிறது. பெரிய எடை என்றால் முதலில் நைட்ரஜன் ஓடும் குழாய் ஒன்றை வைத்துக் குளிர்வித்துவிட்டு, அதை உறிஞ்சிக் காலியாக்கிய பிறகு இயந்திரத்திடம் விடுங்கள்.

பெட்டி வந்த பிறகு

விலைப்புள்ளி ஆவணத்தில் 50 ஹெர்ட்ஸ் சுமை வரைபடத்தைத்தான் உறுதிமொழியாகக் கேட்க வேண்டும். விளம்பரத் தாளில் 60 ஹெர்ட்ஸ் எண்கள்தான் பெரிதாக இருக்கும். பணத்தின் கடைசித் தவணையை ஏற்புச் சோதனையோடு கட்டிவையுங்கள். சோதனை எளிது. இரண்டாம் நிலைத் தட்டில் ஒரு வெப்பமானி, ஒரு மின்தடை. அது நன்றாகக் குளிர்ந்து அசையாமல் நின்ற பிறகு மின்தடையில் ஒரு வாட் கொடுங்கள். மின்னழுத்தத்தைத் தனிக் கம்பிகளில், மின்தடையின் காலிலேயே அளக்க வேண்டும். இல்லையென்றால் கம்பியில் வீணாகும் வாட்டையும் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். முதல் நிலையிலும் உறுதியளித்த சுமையை ஒரே நேரத்தில் கொடுங்கள். ஒரு மணி நேரம் 4.2 கெல்வினைத் தாண்டாமல் நிற்க வேண்டும்.

ஹீலியக் குழாய்களை இணைக்கும்போது எப்போதும் இரண்டு ஸ்பேனர். ஒன்று பிடித்துக்கொள்ள, மற்றொன்று திருக. ஒற்றை ஸ்பேனரால் திருகினால் உள்ளே இருக்கும் சீல் புரண்டு மெல்லக் கசியும், ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும். இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன், அறை வெப்பநிலையில் நிற்கும் அழுத்தத்தையும் அறையின் வெப்பநிலையையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, அந்த நோட்டைக் கம்ப்ரஸரின் மேலேயே கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். எங்கள் நோட்டின் முதல் பக்கம் மஞ்சளாகிவிட்டது. போன மாதம் கசிவு ஒன்றைக் கண்டுபிடித்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பக்கத்தைத்தான் திறந்தோம்.